எழும்பூரா, மாம்பலமா, தாம்பரமா? தெற்கிலிருந்து வருபவர் சென்னையில் எங்கே இறங்குவது

இரவு ரயில் செங்கல்பட்டைத் தாண்டியதும் கோச்சுக்குள் ஒரு சலசலப்பு தொடங்கும். யாரோ விளக்கைப் போடுவார்கள். சீட்டுக்கு அடியிலிருந்து பைகள் வெளியே வரும். அப்புறம் எல்லாக் குடும்பத்திலும் அதே கேள்வி: "தாம்பரத்துலயே எறங்கிடலாமா, இல்ல எழும்பூர் போயிடலாமா?" பாதித் தூக்கத்தில், பக்கத்து சீட்டுக்காரர் எழுந்துவிட்டார் என்பதற்காகவே தாம்பரத்தில் இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். வீடு பக்கத்தில் இருந்தும் தூங்கிப்போய் எழும்பூர் வரை சென்று, வந்த வழியே திரும்பியவர்களும் உண்டு.

எனக்கு ஊர் மயிலாடுதுறை. சென்னையில் முதலில் புரசைவாக்கத்தில் இருந்தேன், பிறகு மேற்கு மாம்பலத்தில், இப்போது மேடவாக்கத்தில். ஊரிலிருந்து வரும் ரயில்கள் மாறவில்லை, ஆனால் நான் இறங்கும் நிலையம் மூன்று முறை மாறிவிட்டது. அந்த அனுபவத்தில் எனக்குப் புரிந்தது இதுதான்: ரயில் எங்கே போய் நிற்கிறது என்பதை வைத்து நிலையத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இறங்கிய பிறகு வரும் ஒரு மணி நேரத்தை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எத்தனை மணிக்கு இறங்குகிறோம், கூட வருவது யார், கையில் எத்தனை பை, அங்கிருந்து வீட்டுக்கு எதில் போவது என்பதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும்.

எழும்பூர் ஏன் நம் எல்லோருக்கும் பழக்கமான பதிலாக இருக்கிறது என்பதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட காரணம் உண்டு. சென்னையின் முதல் ரயில் நிலையம் ராயபுரம். 1856 ஜூலை 1 அன்று அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்கு முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. 1873இல் சென்ட்ரல் வந்தது. இரண்டும் மெட்ராஸ் ரயில்வேயின் அகலப்பாதை நிலையங்கள். தெற்கே ரயில் ஓட்டியது வேறொரு கம்பெனி, தென்னிந்திய ரயில்வே. அதன் பாதை மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளத்தின் அகலமும் வேறு என்பதால் ஒன்றின் வண்டி மற்றதில் ஓட முடியாது. தெற்குப் பாதைக்கென்று தலைநகரில் தகுந்த ஒரு பெரிய நிலையம் வேண்டும் என்றுதான் எழும்பூர் கட்டப்பட்டது. நிலம் மருத்துவர் பல்னி ஆண்டியிடமிருந்து வாங்கப்பட்டது. வடிவமைப்பு ஹென்றி இர்வின், கட்டிக் கொடுத்தவர் பெங்களூரைச் சேர்ந்த ஒப்பந்தக்காரர் டி. சாமிநாத பிள்ளை, செலவு சுமார் 17 லட்சம் ரூபாய். 1905இல் வேலை தொடங்கி, 1908 ஜூன் 11 அன்று நிலையம் திறக்கப்பட்டது.

மதுரை, திருச்சி, நெல்லை, தஞ்சை, ராமேஸ்வரம் என்றால் எழும்பூர். கோவை, சேலம், பெங்களூர், டெல்லி என்றால் சென்ட்ரல். நம் தாத்தா காலத்திலிருந்து மனதில் பதிந்திருக்கும் இந்தப் பிரிவினை அந்தத் தண்டவாள அகலத்தில் பிறந்ததுதான். 1990களில் தெற்குப் பாதை அகலப்பாதையாக மாறத் தொடங்கியது. இன்று எழும்பூரிலிருந்து கடற்கரை ரயில் நிலையம் வழியாக வடக்கே போகும் ரயில்களும் இருக்கின்றன. பழைய காரணம் போய்விட்டாலும் பழக்கம் அப்படியே நிற்கிறது.

இன்னொரு விஷயத்தையும் யோசித்துப் பாருங்கள். 1908இல் எழும்பூரில் இறங்கியவருக்கு ஊரே பக்கத்தில் இருந்தது. கோட்டை, உயர் நீதிமன்றம், ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி எல்லாம் குதிரை வண்டித் தூரம். மாம்பலம் அப்போது ஒரு பெரிய ஏரியின் கரை. அந்த ஏரியை மூடி தியாகராய நகரை உருவாக்கியது 1920களில்தான். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ஆறு வருடம் கழித்து, 1937இல், ஜார்ஜ் டவுனில் இருந்த சென்னை கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் மாறியது. அதற்குப் பிறகு இந்த நகரம் தெற்கு நோக்கி நகர்வதை நிறுத்தவே இல்லை. இன்று வேளச்சேரி, மேடவாக்கம், சோழிங்கநல்லூர், கூடுவாஞ்சேரி என்று குடியிருப்பவர்களுக்கு எழும்பூர் ஊரின் நடுவே இல்லை, வடக்கு ஓரத்தில் இருக்கிறது. ரயில் அவர்கள் வீட்டைத் தாண்டி முக்கால் மணி நேரம் போய்த்தான் அங்கே நிற்கிறது.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எழும்பூர்

புரசைவாக்கத்தில் இருந்த காலத்தில் எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. எழும்பூரில் இறங்கி, பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் வெளியே வந்தால் நடந்தே போய்விடலாம். கீழ்ப்பாக்கம், சேத்துப்பட்டு, புதுப்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை, வேப்பேரி, பெரம்பூர், வடசென்னை முழுவதும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு எழும்பூரை விட்டால் வேறு பதில் கிடையாது.

எழும்பூரின் முதல் பலம், அது கடைசி நிலையம். ரயில் அங்கேதான் முடிகிறது. யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். மூட்டு வலி உள்ள அம்மா, தூக்கத்தில் இருக்கும் குழந்தை, அரிசி மூட்டை, பலாப்பழம் எல்லாவற்றையும் நிதானமாக இறக்கலாம். வழி நிலையத்தில் இரண்டு நிமிடத்துக்குள் இறங்க வேண்டும் என்ற பதற்றம் எத்தனை பேரை விழ வைத்திருக்கிறது என்று நினைத்தால், இது சின்ன வசதி இல்லை. வயதானவர்கள் தனியாக வருகிறார்கள் என்றால் நான் எப்போதும் எழும்பூர் என்றே சொல்வேன், வீடு தாம்பரத்தில் இருந்தாலும் கூட. கூட்டிவரப் போகிறவருக்குத்தான் அலைச்சல். அந்த அலைச்சல் பரவாயில்லை.

இரண்டாவது பலம், மெட்ரோ. 2018 மே 25 அன்று எழும்பூர் மெட்ரோ நிலையம் திறந்ததிலிருந்து அண்ணா நகர், திருமங்கலம், கோயம்பேடு, வடபழனி, அசோக் நகர் போகிறவர்களின் கணக்கே மாறிவிட்டது. முன்பெல்லாம் அசோக் நகர்க்காரர் மாம்பலத்தில் இறங்கி ஆட்டோ பிடிப்பார். இப்போது எழும்பூரில் இறங்கி மெட்ரோவில் ஏறினால் உட்கார்ந்து போகலாம், லிஃப்ட் இருக்கிறது, கட்டணமும் முன்கூட்டியே தெரியும். எவ்வளவு தூரம் போனாலும் சாதாரணக் கட்டணம் 50 ரூபாயைத் தாண்டாது. ஒரே ஒரு நிலையம் போனால் சென்ட்ரல். அங்கே நீல வழித்தடத்துக்கு மாறி ஆயிரம் விளக்கு, தேனாம்பேட்டை, நந்தனம் பக்கம் போகலாம், அல்லது வடக்கே வண்ணாரப்பேட்டை, விம்கோ நகர் வரை போகலாம்.

ஒரு சிக்கல் உண்டு. மெட்ரோ காலை 5 மணிக்குத்தான் தொடங்கும். எங்கள் ஊர் வழியாக வரும் உழவன் மாதிரி ரயில்கள் அதற்கு முன்பே வந்து சேர்ந்துவிடும். அந்த அரை மணி நேரம் காத்திருக்கலாமா, ஆட்டோ பிடிக்கலாமா என்பது அவரவர் பொறுமையைப் பொறுத்தது. ஒரு முறை அம்மாவோடு வந்தபோது, செயலியில் புக் செய்த வண்டி மூன்று தடவை ரத்தானது. நாங்கள் வாசலில் பைகளோடு நின்றுகொண்டே இருந்தோம். "உள்ளயே உக்காந்திருக்கலாம்ல" என்றார் அம்மா. அவர் சொன்னதுதான் சரி. நேரமாகும் என்று தெரிந்தால் நிலையத்துக்குள்ளேயே உட்கார்ந்து, விடிந்த பிறகு கிளம்புவதே நல்லது.

எழும்பூரில் இப்போது மறுசீரமைப்பு வேலை நடக்கிறது. 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். பழைய செங்கல் நிறக் கட்டடத்தை வைத்துக்கொண்டே இரு பக்கமும் புதிய கட்டடங்கள் எழுப்பும் திட்டம் இது. இந்த வேலைக்காகச் சில ரயில்கள் அவ்வப்போது தாம்பரத்தோடு நிறுத்தப்படுகின்றன, அல்லது தாம்பரத்திலிருந்து கிளம்புகின்றன. அதனால் டிக்கெட்டில் இருக்கும் நிலையத்தின் பெயரைப் பயணத்தின் முந்தின நாள் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

அந்தப் பழைய கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. தனுஷ்கோடி வரை போன போட் மெயில் கிளம்பிய இடம் அது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து ரயிலில் கொழும்பு போகலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அந்தத் தொடர் அறுந்தது. என் தாத்தா அந்த வழியாக ஒரு முறை இலங்கை போயிருக்கிறார். எழும்பூர் குவிமாடங்களுக்குக் கீழே நிற்கும்போதெல்லாம் இந்த இடத்திலிருந்து ஒரு காலத்தில் வேறொரு நாட்டுக்குப் போக முடிந்தது என்ற நினைப்பு வராமல் இருப்பதில்லை.

மாம்பலம்

மாம்பலத்துக்கு ஒரே ஒரு பலம்: இடம். மேற்கு மாம்பலம், தி. நகர், கோடம்பாக்கம் மேற்கு, கே.கே. நகர் என்று வீடு அந்த வட்டத்துக்குள் இருந்தால் இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வீட்டில் இருக்கலாம். நான் அங்கே இருந்த ஐந்து வருடமும் காலை ஆறு மணிக்குக் காபி வீட்டில்தான். 2023இல் திறந்த ஆகாய நடைபாதை நிலையத்தையும் தி. நகர் பேருந்து நிலையத்தையும் சேர்க்கிறது, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இறங்காமல் மேலேயே நடந்துவிடலாம். கல்யாண ஜவுளி எடுக்க ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இதைவிட நேரான வழி கிடையாது.

ஆனால் எல்லா ரயிலும் மாம்பலத்தில் நிற்பதில்லை. நெல்லை வந்தே பாரத்துக்கு அங்கே நிறுத்தம் இல்லை, தாம்பரத்தில்தான் உண்டு. நிற்கும் ரயில்களும் ஒன்றிரண்டு நிமிடம்தான் நிற்கும். உங்கள் கோச் எங்கே வந்து நிற்கும், நடைமேடை எந்தப் பக்கம் வரும் என்று முன்கூட்டியே யோசித்து, கிண்டி தாண்டும்போதே பைகளோடு வாசலில் நின்றுவிட வேண்டும். மெட்ரோ பக்கத்தில் இல்லை. லக்கேஜ் அதிகம் என்றாலோ, மூன்று நான்கு பேருக்கு மேல் வருகிறீர்கள் என்றாலோ மாம்பலத்தை நான் சொல்ல மாட்டேன்.

தாம்பரம்

என் வீட்டுக் கதவிலிருந்து இன்று கணக்குப் போட்டால் தாம்பரம்தான் ஜெயிக்கிறது, அதுவும் பெரிய வித்தியாசத்தில். தாம்பரம் கிழக்குப் பக்கம் வெளியே வந்தால் வேளச்சேரி சாலை. அங்கிருந்து சேலையூர், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் பஸ் கிடைக்கும், ஷேர் ஆட்டோவும் உண்டு. மேற்குப் பக்கம் வந்தால் ஜி.எஸ்.டி. சாலை. முடிச்சூர், பெருங்களத்தூர், வண்டலூர் போகிறவர்கள் அந்தப் பக்கம் இறங்க வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தாம்பரத்தில் கிழக்கு மேற்கு தெரியாமல் தப்பான பக்கம் படியேறி இறங்கிவிட்டால், பைகளைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் முழு மேம்பாலத்தையும் கடக்க வேண்டும். கூட்டிப்போக வருகிறவரிடம் "தாம்பரம் ஸ்டேஷன்" என்று மட்டும் சொல்லாதீர்கள், "கிழக்கு வாசல்" என்றோ "மேற்கு வாசல்" என்றோ சேர்த்துச் சொல்லுங்கள்.

ரயில் தாம்பரத்தை விட்டுக் கிளம்பி எழும்பூர் போய்ச் சேர எப்படியும் அரை மணிக்கு மேல் ஆகும். அட்டவணையில் கடைசிப் பகுதிக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்கியிருப்பார்கள், தாமதமானால் ஈடுகட்டுவதற்காக. அதனால் சில நாட்கள் சேத்துப்பட்டுக்கு அப்பால் ரயில் சும்மா நிற்கும். நடைமேடை காலியாக வேண்டுமே. தாம்பரத்தில் இறங்குகிறவருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை.

விமான நிலையம் போகிறவர்களுக்கும் தாம்பரம் நல்ல இடம். அங்கிருந்து மின்சார ரயிலில் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்து திரிசூலம். மொத்தம் நான்காவது நிலையம். திரிசூலத்துக்கு எதிரிலேயே விமான நிலையம், சாலையைக் கடந்தால் போதும். புறநகர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். எழும்பூர் வரை போய் மெட்ரோவில் திரும்பி வருவதைவிட இது எவ்வளவோ மேல். பெரிய சூட்கேஸ் இரண்டு இருந்தால் மட்டும் தாம்பரத்திலிருந்தே நேராக டாக்ஸி எடுத்துவிடுங்கள், மின்சார ரயில் படிகளில் ஏற்றி இறக்க முடியாது.

பஸ்ஸுக்கு மாறுகிறவர்களின் கணக்கும் இப்போது தாம்பரத்துப் பக்கம் சாய்ந்துவிட்டது. தெற்கு மாவட்டப் பேருந்துகள் முன்பு கோயம்பேட்டிலிருந்து கிளம்பின. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறந்த பிறகு அவை அங்கே போய்விட்டன. கிளாம்பாக்கம் வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. ரயிலில் வந்து திண்டிவனம், புதுச்சேரி பக்கம் பஸ் பிடிக்க நினைப்பவர் எழும்பூர் வரை போவதில் அர்த்தமே இல்லை. அதற்குச் செங்கல்பட்டிலேயே இறங்குவது கூடச் சரியாக வரும். காஞ்சிபுரம் போகிறவருக்கும் செங்கல்பட்டுதான். மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில்காரர்களும் அங்கே இறங்கி மின்சார ரயில் பிடித்துவிடலாம்.

தாம்பரத்தின் குறை என்ன? எழும்பூர் வரை போகும் ரயில்களுக்கு அது வழி நிலையம். மாம்பலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும் என்றாலும் அவசரம் அவசரம்தான். மெட்ரோ இல்லை. காலை ஏழரைக்கு மேல் இறங்கி மின்சார ரயிலில் நகரத்துக்குள் போக நினைத்தால், அலுவலகக் கூட்டத்தோடு பைகளைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். அதை ஒரு தடவை செய்தால் இரண்டாம் தடவை செய்ய மாட்டீர்கள். பரங்கிமலையிலும் கிண்டியிலும் மின்சார ரயிலிலிருந்து மெட்ரோவுக்கு மாறலாம், அது நல்ல இணைப்பு. ஆனால் அதுவரை போய்ச் சேர வேண்டுமே. கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் 2025 ஏப்ரலிலிருந்து ஏ.சி. மின்சார ரயிலும் ஓடுகிறது. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். நேரம் ஒத்து வந்தால் லக்கேஜோடு போக அது தேவலாம், ஆனால் அடிக்கடி கிடையாது.

ஒரு காலத்தில் தாம்பரம் என்றால் வழி நிலையம் மட்டும்தான். இப்போது அது சென்னையின் மூன்றாவது முனையம். நாகர்கோவில் அந்த்யோதயா, ஹைதராபாத் சார்மினார் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறந்தபோது ராமேஸ்வரத்துக்கு விடப்பட்ட புதிய ரயிலும் தாம்பரம் ரயில்தான். போட் மெயில் கிளம்பிய எழும்பூரை நினைக்கும்போது ஒரு சின்ன வருத்தம் எட்டிப் பார்க்கிறது. ஆனால் மக்கள் எங்கே இருக்கிறார்களோ ரயிலும் அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும், அதில் தப்பில்லை.

ஏறும்போது

இதுவரை சொன்னது இறங்குகிறவருக்கு. ஊருக்குக் கிளம்பும்போது கணக்கு கொஞ்சம் வேறு. இறங்கும்போது ரயில் உங்களுக்காகக் காத்திருக்காது என்பது ஒரு கவலை என்றால், ஏறும்போது அது இரண்டு மடங்கு. முன்பதிவு இல்லாத பெட்டியில் போகிறவர் எழும்பூருக்கே போவது நல்லது. தாம்பரத்துக்கு வரும்போது நிற்கக்கூட இடம் இருக்காது, பண்டிகைக் காலத்தில் சொல்லவே வேண்டாம். முன்பதிவு இருந்தால் வீட்டுக்குப் பக்கத்து நிலையத்தில் ஏறலாம். ஆனால் டிக்கெட்டில் ஏறும் நிலையத்தை அதற்குத் தக்கபடி போட்டிருக்க வேண்டும். எழும்பூர் என்று போட்டுவிட்டுத் தாம்பரத்தில் ஏறினால், நீங்கள் வரவில்லை என்று நினைத்து பெர்த்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. ஏறும் நிலையத்தை இணையத்திலேயே மாற்றலாம், ஒரு நாள் முன்பே மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு பழைய நிலையத்தில் ஏற உரிமை கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இறங்குவதற்கு அப்படி எதுவும் தேவையில்லை. எழும்பூர் வரை டிக்கெட் வைத்துக்கொண்டு தாம்பரத்தில் தாராளமாக இறங்கலாம். அதனால் வீட்டில் யாருக்காவது முடிவு தெரியவில்லை என்றால், எழும்பூர் வரை எடுத்துக் கொடுங்கள். கட்டண வித்தியாசம் அதிகம் இருக்காது. ஆனால் தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் போவதென்றால் அதற்குத் தனி டிக்கெட் எடுத்துவிடுங்கள், பரிசோதகரிடம் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

இணையத்தில் எடுக்கிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ரயில்வேயின் குறியீட்டில் எழும்பூர் 'எம்எஸ்', சென்ட்ரல் 'எம்ஏஎஸ்'. ஓர் எழுத்துதான் வித்தியாசம். தாம்பரம் 'டிபிஎம்', மாம்பலம் 'எம்பிஎம்'. 'எம்எஸ்' என்று இருப்பதை 'எம்ஏஎஸ்' என்று படித்துவிட்டு சென்ட்ரலுக்குப் போய் நின்ற உறவினர் ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். நல்லவேளை, அன்று அவர் கையில் இருபது நிமிடம் மிச்சம் இருந்தது. சென்ட்ரலுக்கு எதிரே பூங்கா நிலையம் இருக்கிறது, சுரங்கப்பாதையில் கடந்து தாம்பரம் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறினால் அடுத்த நிலையமே எழும்பூர். மெட்ரோவிலும் ஒரே நிலையம்தான். அவர் மின்சார ரயிலைப் பிடித்து, மலைக்கோட்டை ரயில் கிளம்புவதற்கு நான்கு நிமிடம் முன்பு போய்ச் சேர்ந்தார்.

அடுத்த மாதம் அம்மா தனியாக வருகிறார். நான் இருப்பது மேடவாக்கம், தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் நேராக வந்துவிடலாம். இருந்தாலும் எழும்பூர் என்றுதான் டிக்கெட் எடுத்திருக்கிறேன். உழவன் வந்து நிற்கும் நடைமேடையில், அவர் கோச் வாசலுக்கு நேராக, நான் நிற்பேன்.